கீழ்ச் சிலிண்டர்

கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் தவசிக்கனிக்குக் குமட்டியது. மண்ணெண்ணெய் எரிந்த வாடை அவருக்குப் புதிதல்ல, இருபத்தாறு வருடமாக அதைத்தான் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து தின்கிறார். இது வேறு. உப்புத்தண்ணீரும், மோட்டார் மூடிக்குள் எப்போதோ சிக்கி அழுகிய செதிலும், காய்ந்த மீன்ரத்தமும் சேர்ந்து நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிற வாடை. துப்பினாலும் போகாது, வெந்நீர் குடித்தாலும் போகாது. பிளக்கை வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நுனியில் இருக்க வேண்டிய இடைவெளியைக் காணோம், சுத்தியலால் தட்டி மூடியதுபோல் நசுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றிக் கடுகு கடுகாக வெள்ளைப் பொட்டுகள். பிஸ்டனிலிருந்து தெறித்த அலுமினியம். உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, உடைந்த துண்டு மேலும் கீழும் அலைந்து கண்ணில் பட்டதையெல்லாம் கொத்தியிருக்கிறது. பிளக் துவாரத்தைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மறு கையால் கயிற்றை இழுத்தார். நல்ல மோட்டார் என்றால் விரலைக் காற்று எத்தித் தள்ளும். இது பல்லில்லாத வாய் ஊதினதுபோல் புஸ்ஸென்று விரலை நனைத்துவிட்டு அடங்கியது. நனைந்த விரலைச் சட்டையில் துடைத்தார், துடைத்த இடத்தைப் பார்த்தார், பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டார். அறுபதை நெருங்கும் மெக்கானிக்குக்கு அழுக்கு என்ன புதுசா.

"எண்ணெதானே அண்ணாச்சி?" என்றான் தஸ்நேவிஸ். மோட்டார் அவனுடையது, படகும் அவனுடையது. காலை ஏழு மணிக்கே வந்து கவிழ்த்துப்போட்ட கேன்மேல் உட்கார்ந்திருக்கிறான். வெற்றிலையைக் குதப்பிக் குதப்பி ஒரு பால்டப்பாவில் துப்புகிறான், துப்பிவிட்டு டப்பாவுக்குள் எட்டிப் பார்க்கிறான், எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பவன்போல. "இன்னும் தொறக்கவே இல்ல வே," என்றார் தவசிக்கனி. "தொறக்கணுமாக்கும். கடல்ல வச்சே சொல்லிட்டேன், இது எண்ணெ பட்டினிதான்னு. கெர்ருன்னு ஒரு சத்தம், அதோட நின்னுபோச்சு. ஒன்றரை நாள் நீரோட்டத்துல கெடந்தோம் அண்ணாச்சி. எங்க வீட்டுல செத்துட்டோம்னு பூசைக்கே சொல்லிட்டாவ." சொல்லும்போது அவன் முகத்தில் பட்ட பாட்டின் சுவடு எதுவும் இல்லை. பந்திக்குக் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவனின் முகம். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் தவசிக்கனி மறுபடியும் மோட்டார் பக்கம் திரும்பினார். அவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். இந்தக் கரையில் ஒரு படகுக்கு எண்ணெய்க் கை ஒன்றுதான். மண்ணெண்ணெயில் எண்ணெய் கலப்பதை ஒருத்தன்தான் செய்ய வேண்டும், வேறு எவனும் கேனைத் தொடக்கூடாது. இரண்டு பேர் கலந்தால் அவன் ஊற்றியிருப்பான் என்று இவனும், இவன் ஊற்றியிருப்பான் என்று அவனும் இருந்துவிடுவார்கள். அப்படி ஒரு கை பார்த்த வேலையில் எண்ணெய் இல்லாமல் நடுக்கடலில் மோட்டார் பிடித்துக்கொண்டால், மெக்கானிக் உடைந்த பிஸ்டனைக் கழற்றிக் கொடுப்பார், படகுக்காரர் அதைக் கொண்டுபோய் அந்த ஆள் வீட்டு வாசலில் வைப்பார். ஒரு வார்த்தை திட்ட மாட்டார், கதவைத் தட்ட மாட்டார், வைத்துவிட்டு வந்துவிடுவார். அதன்பிறகு அந்த ஆளை எந்தப் படகும் ஏற்றாது. தஸ்நேவிஸின் படகில் எண்ணெய்க் கை கஸ்பார். தஸ்நேவிஸின் தங்கையைக் கட்டியவன். தங்கச்சி தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவன் என்று ஊரில் சொல்வார்கள், அதைச் சொல்லும்போது தஸ்நேவிஸ் இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தார். உப்புப் பூத்துப்போய் இறுகியிருந்தன. வேகமாகத் திருகினால் கழுத்தோடு முறிந்துவிடும், முறிந்தால் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதற்கு அரை நாள். மண்ணெண்ணெய் விட்டு, காத்திருந்து, கால் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, மனசு தன்பாட்டுக்குச் சூசையாவின் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. ஒன்பது வருடம் இருக்கும், அவனும் ஒரு படகின் எண்ணெய்க் கையாக இருந்தவன். அந்தப் பிஸ்டனையும் கழற்றிக் கொடுத்தவர் இவர்தான். பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார், மீன் சுற்றிக் கொடுப்பதுபோல. சூசையா அதை வாசலிலிருந்து எடுக்கவே இல்லையாம், அவன் பெண்டாட்டி அதைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போனாளாம். இப்போது சூசையா ஒரு ஐஸ் கம்பெனியில் இரவுக் காவல். வழியில் பார்த்தால், "சோமா இருக்கியளா அண்ணாச்சி," என்று அவன்தான் முதலில் கேட்பான். அவனுக்குக் கோபம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தவசிக்கனிக்குத் தோன்றுவதுண்டு. அந்த மரியாதை எச்சில் பட்ட தம்ளரை நீட்டுவதுபோல் இருக்கும், வாங்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. தான் செய்ததில் என்ன தப்பு. கேட்டார்கள், கழற்றினார், கொடுத்தார். ராத்திரி எண்ணெய் ஊற்றாதவன் அவன். நான்காவது போல்ட் கிறீச்சென்று அசைந்து வழிவிட்டது.

ஹெட்டைத் தட்டிப் பிரித்தபோது உள்ளேயிருந்து சூடாறாத குப்பையின் வாடை வந்தது. நான்கு நாளாக ஆறிக் கிடக்கும் மோட்டாருக்குச் சூடு எங்கிருந்து வரும், ஆனாலும் அவருக்கு அப்படித்தான் பட்டது. தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளையாக உப்பு, அதில் ஒரு செத்த நண்டுக்குஞ்சு, நகத்தளவுதான், காலெல்லாம் மடக்கிக்கொண்டு கிடந்தது. அதை ஸ்குரூ டிரைவர் நுனியால் தள்ளிவிட்டார். மேல் சிலிண்டரைப் பார்த்தார். கறுப்பாக இருந்தது, ஆனால் ஈரக் கறுப்பு. விரலை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினார். வழவழவென்று எண்ணெய். கண்ணாடிபோல் இருந்தது சுவர், ஒரு கீறல் இல்லை. விரலை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு சிலிண்டருக்கும் ஒரே டாங்கிதான். ஒரே குழாய், ஒரே மண்ணெண்ணெய், ஒரே கலவை. பட்டினி என்றால் இரண்டுமல்லவா காய்ந்திருக்க வேண்டும். மேலே இருப்பவன் விருந்து சாப்பிட்டிருக்கிறான், கீழே இருப்பவன் மட்டும் எப்படிப் பட்டினி கிடந்து செத்தான்.

கீழ்ச் சிலிண்டரைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு கணம் இருந்தது. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பிஸ்டனை முகப்புக்குக் கொண்டுவந்தார். அம்மைத் தழும்பு முகம்போல் குழி குழியாக இருந்தது அதன் தலை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் முறிந்து, அந்தத் துண்டு நுழைந்து கொத்திய குழிகள். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக நான்கைந்து பள்ளக் கோடுகள், புகை வெளியே போகும் துவாரத்தின் விளிம்பு எலி கடித்ததுபோல் இருந்தது. அந்த விளிம்பில்தான் ரிங் மாட்டியிருக்கிறது, மாட்டித்தான் முறிந்திருக்கிறது. ரிங் ஏன் அங்கே போய் மாட்ட வேண்டும். வளையத்தின் இரண்டு முனைகளும் சேரும் வாயைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே பிஸ்டன் பள்ளத்தில் ஒரு சின்ன ஆணி உண்டு. அந்த வாய் துவாரமில்லாத பக்கம்தான் இருக்கும், சுற்ற விடாது ஆணி. வாய் துவாரத்துக்கு நேரே வந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் முனை வெளியே எட்டிப் பார்க்கும், எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து ஒருநாள் மாட்டிக்கொள்ளும். ஆனால் வாய் அங்கே வருவதற்கு வழியே இல்லை, பிஸ்டனையே திருப்பிப் போட்டால் ஒழிய. அவர் கை நின்றது. தட்டையாகத் தேய்த்து வைத்திருந்த பழைய ரம்பத் தகட்டை எடுத்து மேல் பிஸ்டனின் தலையில் படிந்த கரியைச் சுரண்டினார். விளிம்போரம் இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரிந்தன, 'மேல்' என்று சொல்லும் இரண்டெழுத்து, நேராக நின்றன. பிஸ்டன் செய்தவன் தடுமாறுகிறவர்களுக்காகவே அதில் குத்தி வைத்திருப்பான், இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும் என்று. கீழ்ப் பிஸ்டனில் அதே இடத்தைச் சுரண்டினார். ஒன்றும் இல்லை. குழிகள்தான். எதிர்ப்பக்கம், அடி விளிம்பில் சுரண்டினார். கரி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதே இரண்டெழுத்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மோட்டாரையே தலைகீழாக மாட்டிவிட்டோமோ என்று ஸ்டாண்டை ஒருமுறை பார்த்தார், பார்க்கும்போதே அது எவ்வளவு கேவலமான ஆசை என்று தெரிந்தது. மேல் பிஸ்டனின் எழுத்து நேராகத்தானே நிற்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த இரண்டு பிஸ்டன்களையும் புதிதாகப் போட்டவர் இவர். இதே ஸ்டாண்டு, இதே மேசை. வேறு யாரும் தொடவில்லை, தொட விடவும் மாட்டார், அந்தப் பெருமை வேறு. ஒன்றைச் சரியாகப் போட்ட கை எப்படி அடுத்ததைத் திருப்பிப் போடும். மூடும் முன்னால் இரண்டு எழுத்தையும் விரலால் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம், கண்ணைவிட விரலைத்தான் நம்புவார். அன்றைக்கு ஏன் தடவவில்லை. தெரியும். ஏன் என்று தெரியும். அதைத்தான் மனசு சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கிட்டே போகாமல் திரும்புகிறது. கணவாய். அன்றைக்கு மோட்டார் மூடிக்குள் தூண்டில் இரைக்காக வைத்திருந்த கணவாய் ஒன்று விழுந்து, இரண்டு நாள் வெயிலில் ஊதி வெடித்து, மையும் சாறுமாக இயந்திரத்தின் அடிப்பாகமெல்லாம் வடிந்திருந்தது. யாரும் அதைக் கழுவாமல் அப்படியே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு வாடையா. தவசிக்கனி பனங்காட்டில் பிறந்தவர், பதினைந்து மைல் உள்ளே. கடற்கரைக்குப் பிழைக்க வந்து, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்ததெல்லாம் இந்த மோட்டார்களை வைத்து. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அந்த வாடை பழகவில்லை. அதை எவரிடமும் சொன்னதில்லை, சொன்னால் நம்ம பொழப்பு இவருக்கு நாறுதாக்கும் என்பார்கள். சொல்வது சரியாகவும் இருக்கும். அன்றைக்கு அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்தார். மேல் பிஸ்டனைப் போட்டுவிட்டு வெளியே ஓடிப்போய் வேலியோரம் நின்று மூச்சு வாங்கினார். திரும்பி வந்து, நெஞ்சு நிறையக் காற்றைப் பிடித்துக்கொண்டு, கீழ்ப் பிஸ்டனைப் போட்டார். பின்னைப் பிடிக்கும் லாக்கை அழுத்தினார். மூடினார். அடக்கிய மூச்சு தீர்வதற்குள் மூடிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது.

அன்றைக்குக் கூட இருந்தவன் கஸ்பார். வேலியோரம் இவர் ஓங்கரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தான். சிரித்தான், ஆனால் கேலியாக இல்லை. "அண்ணாச்சிக்கு ஆகாதோ? முந்தியே சொல்லப்படாதா," என்று மூடியைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய் மண் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தான். அவன் கொண்டுவருவதற்குள் பிஸ்டன் உள்ளே போய்விட்டது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை என்பது தெரியும். சொல்லியிருந்தால் மறுநாளே ஏலக்களத்தில் யாராவது ஒரு சாளை மீனை இவர் மூக்குக்கு நேரே நீட்டியிருப்பார்கள். அன்று சாயங்காலம் போகும்போது இவர்தான் கஸ்பாரிடம் சொல்லி அனுப்பினார், புது ரிங், முதல் பத்து கேனுக்கு எண்ணெய் கொஞ்சம் கூடவே ஊத்து என்று. அவன் ஊற்றியிருக்கிறான். மேல் சிலிண்டர் சொல்கிறதே. வழவழவென்று சொல்கிறதே.

"என்ன அண்ணாச்சி, பாத்துக்கிட்டே இருக்கிய? கழட்டித் தாங்க. ஞாயித்துக்கெழம பூசைக்கு முந்தி வச்சிரணும்," என்றான் தஸ்நேவிஸ் பின்னாலிருந்து. கழற்ற எவ்வளவு நேரமாகும் என்று தவசிக்கனி நினைத்தார். நினைக்க விரும்பவில்லை, ஆனால் கை கணக்குப் போட்டுவிட்டது. அடிப்பெட்டியைப் பிரிக்கப் பத்து போல்ட், இருபது நிமிடம். தண்டோடு சேர்த்துப் பிஸ்டனை வெளியே இழுத்துவிட்டால், லாக்கை எடுத்துப் பின்னைத் தட்டிவிட்டால், அப்புறம் அது வெறும் பிஸ்டன். மேசைமேல் கிடக்கும் பிஸ்டனுக்கு ஏது மேல், ஏது கீழ். எழுத்து எந்தப் பக்கம் பார்த்தது என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. எண்ணெய் இல்லை என்று அவர் சொல்லக்கூட வேண்டாம். வாயைத் திறக்காமல் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தால் போதும். சிலிண்டரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிப் உள்சுவரைக் குடைந்து போர் போட்டு, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனாகப் போட்டு, இந்த முறை விரலால் தடவிப் பார்த்து மூடினால் இன்னும் பத்து வருடம் ஓடும். மோட்டார் சரியாகிவிடும். மோட்டார் மட்டும். அப்போதுதான் அது வந்தது, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைகிற ஆள்போல. சூசையாவின் பிஸ்டன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. யோசித்தார். அந்த மோட்டாரின் நிறம் ஞாபகமிருக்கிறது, ஹெட்டில் இருந்த விரிசல் ஞாபகமிருக்கிறது, சுற்றிய செய்தித்தாளில் இருந்த புடவை விளம்பரம் ஞாபகமிருக்கிறது. எழுத்து ஞாபகமில்லை. பார்க்கவே இல்லை. எண்ணெய்தான் என்று படகுக்காரர் சொன்னார், இவர் பார்க்காமலே கழற்றினார். அந்த மோட்டாரில் அதற்கு முந்தின வேலையைச் செய்தது யார். அதுவும் இவர்தான். அதற்குமேல் யோசிக்க முடியவில்லை. தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கரி, ரேகையெல்லாம் கறுப்பு. பார்க்கப் பார்க்க அது வேறு யாருடைய கையோ போலவும், அதை யாரோ தன் தோளில் கட்டித் தொங்கவிட்டிருப்பதுபோலவும் இருந்தது.

"தஸ்நேவிசு, இங்க வா," என்றார். அவன் டப்பாவையும் தூக்கிக்கொண்டே வந்தான். "இந்த எழுத்தப் பாரு. இது எப்படி நிக்கு? கீழ உள்ளது எப்படி நிக்கு?" அவன் குனிந்து பார்த்தான். வெற்றிலைச் சாறு கடைவாயில் நின்றது. "தலகீழா நிக்கு." "திருப்பிப் போட்டது நான். அதனாலதான் ரிங் முறிஞ்சுது. எண்ணெ இருக்கு, இந்தா மேல தொட்டுப் பாரு. ஒரே டாங்கிதானே வே. கஸ்பார்மேல ஒண்ணும் இல்ல." சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை. அழுக்குத் துணியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியதுபோல் இருந்தது, அவ்வளவுதான். தஸ்நேவிஸ் மேல் சிலிண்டரைத் தொடவில்லை. நிமிர்ந்து, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலை இறக்கினான். "அண்ணாச்சி, நீங்க நல்லவிய. அவன் புள்ளகுட்டிக்காரன்னு பாவம் பாக்கிய." "பாவம் பாக்கல. நடந்ததச் சொல்லுதேன்." "சரி, நடந்ததாவே இருக்கட்டும். இத வெளிய சொன்னா நாளைக்கு எவன் ஒங்ககிட்ட மிசின் கொண்டாருவான்? எனக்கு அதுல என்ன லாவம்? நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். கழட்டி மட்டும் தாங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்." பிறகு ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல் சேர்த்தான்: "வேற ஆளு சொல்லியாச்சு அண்ணாச்சி. எம் பொண்டாட்டிக்கு அண்ணன் மகன். திங்கக்கெழம ஏறுதான். அதோட, இவனே கடல்ல வச்சு ஒத்துக்கிட்டான்." "என்ன ஒத்துக்கிட்டான்?" "மறந்திருப்பேன்னுதான்." தவசிக்கனி அவன் வாயையே பார்த்தார். சிவந்த உதடு, பல்லிடுக்கில் பாக்குத் தூள். தன் மனசுக்குள் சற்று முன்னால் ஓடிய அதே வார்த்தைகள் இந்த வாய் வழியாக வெளியே வந்து, எச்சிலோடு நிற்கின்றன. கழட்டி மட்டும் தாங்க. வாயத் தொறக்க வேண்டாம். தான் நினைத்ததும் இப்படித்தான் இருந்திருக்கும், இதே நிறத்தில், இதே நாற்றத்தில்.

ஸ்பேனரை மேசைமேல் போட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் செல்போனை எடுத்துக் கஸ்பாரைக் கூப்பிட்டார். மூன்றாம் மணியில் எடுத்தான். "பட்டறைக்கு வா. நீ வந்து பாத்த பொறவுதான் கழட்டுவேன்," என்றார். "பாக்க என்ன இருக்கு அண்ணாச்சி. வாசல்ல வைக்கட்டும்," என்றான் கஸ்பார். "வான்னா வா வே." வந்தான். நான்கு நாளில் ஆள் வற்றியிருந்தான், சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. மச்சானைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். தவசிக்கனி எதையும் சுற்றி வளைக்காமல் காட்டினார். "இது மேல்னு அர்த்தம்." கஸ்பார் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "இது கீழ கெடக்கே," என்றான். "ஆமா." "போட்டது நீங்கதானே." "நான்தான். அன்னைக்கு வாடை தாங்காம மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போட்டேன். நீ ஊத்துனது சரியாத்தான் இருக்கு." கஸ்பார் மேல் சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினான். எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தான். பிறகு மூக்குக்குக் கொண்டுபோனான். ரொம்ப நேரம் வைத்திருந்தான். "நாலு நாளா கைய மோந்து பாத்துக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி," என்றான். "ஊத்துனாப்பிலயும் இருக்கு, ஊத்தாதாப்பிலயும் இருக்கு. ராத்திரி எம் பொண்டாட்டிகிட்ட நீட்டி, எண்ணெ மணக்குதா பாருன்னேன். அவளும் மோந்து பாத்தா. தெரியலன்னு சொன்னா."

கத்துவான் என்று தவசிக்கனி எதிர்பார்த்தார். அல்லது சிரிப்பான், விடுங்க அண்ணாச்சி என்பான். அப்படி ஏதாவது சொன்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு ஈனமான மூலை உள்ளே கையேந்திக்கொண்டு நின்றது. கஸ்பார் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவன் முகத்தில் அவர் பார்த்தது கோபம்கூட இல்லை. வலையில் ஏறிவந்த ஊதிப்போன எதையோ காலால் தள்ளுவதற்கு முன்னால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அது தனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. இருபத்தாறு வருடமாக அவர் அவர்கள் சாமான்களைப் பார்த்த பார்வை. தஸ்நேவிஸ், "அது என்ன எழுத்தோ, யாரு கண்டா. மாப்ள, நீதான கடல்ல வச்சு..." என்று ஆரம்பித்தான். "அப்ப எனக்குத் தெரியாது மச்சான்," என்றான் கஸ்பார். சாதாரணமாகச் சொன்னான், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தஸ்நேவிஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், துப்பிவிட்டு, அங்கேயே நின்றுகொண்டான். எதையாவது செய்ய வேண்டும்போல் இருந்தது தவசிக்கனிக்கு, கை மேசைமேல் கிடந்த ஸ்பேனரிடம் போனது. "அத வைங்க," என்றான் கஸ்பார். ஸ்டூலை இழுத்து, மோட்டாருக்கும் அவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தான். "நாலு பேரு வந்து பாக்கட்டும். அது வரைக்கும் இத யாரும் தொடக்கூடாது." "நான் தொட மாட்டேன்டே. நீ போய்க் கூட்டிட்டு வா." "நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் இருப்பிய இங்க." குரலில் ஏச்சு இல்லை, கடல் நிலவரம் சொல்வதுபோல் சொன்னான். "நீங்க போங்க. நீங்களே கூட்டிட்டு வாங்க."

அவர் போனார். தன் பட்டறையை விட்டு, தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, தஸ்நேவிஸைத் தாண்டி, ஏலக்களத்துக்கு. இருநூறு அடிதான் இருக்கும். அந்தப் பக்கம் அவர் வேலையில்லாமல் போனதே இல்லை, போனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துச் சுற்றிப் போவார். இன்றைக்குச் சுற்றவில்லை. சிமெண்டுத் தரையெல்லாம் செதிலும் தண்ணீருமாகச் செருப்பு வழுக்கியது, கூடைக்கடியிலிருந்து ரத்தத் தண்ணீர் வடிந்து காலில் பட்டது. என்ன சொல்வது. எப்படி ஆரம்பிப்பது. நான் செய்த வேலையைக் காட்ட வேண்டும், நாலு பேர் வாருங்கள். அதைச் சொன்னதும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஏன் அண்ணாச்சி என்பார்கள், வாடை தாங்காமல் என்று சொல்லியாக வேண்டும், இவர்களிடம், இந்த இடத்தில் நின்று. அதற்கப்புறம் யாராவது சூசையாவைப் பற்றிக் கேட்பார்கள். கேட்காமல் இருக்க மாட்டார்கள். கேட்டால் தெரியாது என்றுதான் சொல்ல முடியும், அதுதான் நிஜம், அந்த நிஜம் பொய்யைவிட நாறும். கூட்டத்துக்கு நடுவில் ஏலம் கூறுகிற வியாகுலம், வலைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், கூடைக்காரப் பெண்கள். தவசிக்கனி கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றார். "நாலு பேரு எம் பட்டறைக்கு வரணும். தஸ்நேவிஸ் மோட்டார்ல தப்பு நான் பண்ணுனது, கஸ்பார் இல்ல," என்றார். சத்தமாகத்தான் சொன்னார். முன்னால் நின்ற பெண் ஒருத்தி அரைகுறையாகத் திரும்பினாள். வியாகுலம் தலையைத் தூக்கி, யார் என்று பார்த்து, கையைக் காட்டினார். "இரிங்க அண்ணாச்சி, இந்தக் கூடை முடியட்டும்," என்றவர் மறுபடியும் விலை கூற ஆரம்பித்தார். கூடைக்குப் பின்னால் இன்னும் பதினோரு கூடைகள் வரிசையாக இருந்தன. தவசிக்கனி நகராமல் அந்த வாடையிலேயே காத்து நின்றார்.